வீட்டுலயே படிக்க வைக்கிறீங்களா? இங்கிலாந்துல முதல் சில மாசம்

வருஷத்து நடுவுல வந்து இறங்கியிருப்பீங்க. பக்கத்து ஸ்கூல்ல இடம் இல்லன்னு சொல்லி, ரெண்டு பஸ் மாறிப் போற ஸ்கூலை கவுன்சில் (உள்ளூர் நிர்வாகம்) காட்டியிருக்கும். இல்ல, பெரியவனுக்கு ஒரு ஸ்கூல், சின்னவளுக்கு வேற ஸ்கூல்னு வந்திருக்கும். சிலர் ஊர்ல இருந்து கிளம்பும்போதே வீட்டுலதான் சொல்லிக்கொடுக்கிறதுன்னு முடிவோட வந்திருப்பீங்க. காரணம் எதுவா இருந்தாலும், முதல் சில மாசம் கஷ்டமாத்தான் இருக்கும்.

முதல்ல சட்டத்தைச் சொல்லிடறேன், அந்த பயம் போனாத்தான் மத்தது காதுல ஏறும். 1996 கல்விச் சட்டத்தோட 7ஆம் பிரிவு, பிள்ளையோட வயசுக்கும் திறமைக்கும் ஏத்த முழுநேரக் கல்வி கிடைக்கிற பொறுப்பை பெத்தவங்க மேலதான் வைக்குது. அதை ஸ்கூல் மூலமா செய்யலாம், வேற வழியிலயும் செய்யலாம். நேஷனல் கரிகுலத்தை, அதாவது அரசு பாடத்திட்டத்தை, பின்பற்றணும்னு கட்டாயம் கிடையாது. நீங்க டீச்சர் ட்ரெயினிங் முடிச்சிருக்கணும்னும் இல்ல. பிள்ளை ஏற்கனவே இங்க ஒரு ஸ்கூல்ல சேர்ந்திருந்தா, பேரை எடுக்கச் சொல்லி ஹெட் டீச்சருக்கு கடிதம் எழுதணும். கவுன்சில் சேர்த்த ஸ்பெஷல் ஸ்கூலா (சிறப்புத் தேவை உள்ள பிள்ளைங்களுக்கானது) இருந்தா கவுன்சிலோட சம்மதமும் வேணும். ஸ்காட்லாந்துல விதி வேற, அரசு ஸ்கூல்ல இருந்து எடுக்கவே பொதுவா கவுன்சில் சம்மதிக்கணும். ஜெர்மனில இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட இதைக் கேட்காதீங்க, அங்க வீட்டுக் கல்விக்கே அனுமதி கிடையாது. கவுன்சிலுக்குத் தகவல் கொடுக்கிற விதிகள் மாறிக்கிட்டே வருது, அதனால உங்க கவுன்சிலோட எலெக்டிவ் ஹோம் எஜுகேஷன் (வீட்டுக் கல்விக்கு இங்க சொல்ற பேர்) வெப்சைட் பக்கத்தை இன்னைக்கே ஒரு தடவை படிச்சிடுங்க.

இப்ப பிள்ளைங்க விஷயம். நான் முக்கியமா சொல்ல வந்தது ஒண்ணுதான்: ஸ்கூலை அப்படியே வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க, அதுவும் முதல் ரெண்டு மூணு மாசம் வேண்டவே வேண்டாம். ஒரே நேரத்துல அந்தக் குழந்தைக்கு நாடும் மாறிடுச்சு, ஸ்கூலும் போயிடுச்சு. காலைல ஹாரன் அடிச்ச வேன் இல்ல, பக்கத்து பெஞ்சு ஃப்ரெண்டு இல்ல, சாயங்காலம் ஸ்கூல் வாசல்ல நிக்கிற பாட்டி இல்ல. இதுல நாம ஒன்பதுல இருந்து மூணு வரைக்கும் டைம்டேபிள் போட்டு சுவத்துல ஒட்டினா, அம்மாவையும் சேர்த்து இழந்த மாதிரி ஆயிடும் அதுக்கு.

என் பொண்ணு ஆரம்பத்துல நோட்டை எடுத்து, ஸ்கேல் வெச்சு மார்ஜின் போட்டு, மூலைல தேதி எழுதிட்டு, அடுத்து என்ன எழுதணும்னு என் முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா. நான் சொல்ற வரைக்கும் பென்சில் அசையாது. ஊர்ல நல்ல பிள்ளைன்னு பேர் வாங்கித் தந்த பழக்கம் அது, ஒரு நாள்ல போகாது. ராத்திரி எங்க தெரு குப்பைப் பையை ஒரு நரி கிழிச்சுப் போட்டப்பதான் அவளா ஒரு கேள்வி கேட்டா. எந்த ராத்திரில வருது, குப்பை வண்டி வர்ற நாளுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு ஜன்னல்கிட்ட உட்கார்ந்து, மார்ஜின் போடாத பக்கத்துல குறிச்சா. லைப்ரரில நரி புத்தகமா தேடி எடுத்தா. அறிவியல், இங்கிலீஷ், அட்டவணை எல்லாம் அதுலயே வந்திடுச்சு. நான் பண்ணினதெல்லாம் சும்மா இருந்தது மட்டும்தான், அது அவ்வளவு சுலபமும் இல்ல.

வீட்டுக் கல்வில பழகினவங்க, ஸ்கூல் பழக்கம் விட்டுப்போற இந்த இடைவெளிக்கு டீஸ்கூலிங்னு பேர் வெச்சிருக்காங்க. ஸ்கூல்ல இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாசம்னு ஒரு கணக்கு சொல்வாங்க. ஆராய்ச்சில வந்த கணக்கு இல்ல, அனுபவத்துல சொல்றது, ஆனா பொறுமையா இருக்க உதவும். அந்த இடைவெளியிலயும் தினமும் வாசிப்பு இருக்கட்டும், கொஞ்சம் கணக்கு இருக்கட்டும். பிரைமரி வயசுக்கு உட்கார்ந்து படிக்கிறது ஒன்றரை, ரெண்டு மணி நேரம் தாராளம். இங்க கீழ் வகுப்புகள்ல ஒரு டீச்சருக்கு 30 பிள்ளைங்க வரைக்கும் இருக்கலாம். நீங்க ஒருத்தருக்கு ஒருத்தர், அதனால வேகமாவே போகும்.

கணக்குல ஒரு சிக்கல் வரும். நம்ம பிள்ளை 1,00,000னு கமா போடும், இங்க புத்தகத்துல 100,000னு இருக்கும். வகுத்தல் எழுதுற முறையும் வேற மாதிரி தெரியும். இதை வெச்சு பிள்ளைக்குக் கணக்கு வரலைன்னு பதறாதீங்க. ரெண்டு முறையையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டினா பெரும்பாலும் அன்னைக்கே பிடிச்சுக்கும். வாய்ப்பாடு தெரிஞ்சிருக்கிறது பெரிய பலம், இங்க இயர் 4ல (8, 9 வயசு வகுப்பு) 12ஆம் வாய்ப்பாடு வரைக்கும்தான் பார்க்கறாங்க.

புத்தகத்துக்குப் பெருசா செலவு பண்ண வேண்டாம். ஓக் நேஷனல் அகாடமி, பிபிசி பைட்சைஸ்னு ரெண்டு ஆன்லைன் பாடத் தளங்கள் இருக்கு, ரெண்டும் இலவசம். தமிழுக்கு சமச்சீர் பாடநூல்கள் பிடிஎஃப்பா கிடைக்குது. விசா முடிஞ்சு ஊருக்குத் திரும்ப வாய்ப்பு இருக்கிறவங்க தமிழையும் கணக்கையும் அதுலயே தொடர்ந்தா நல்லது. லண்டன் பக்கம் இருந்தா சயின்ஸ் மியூசியமும் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியமும் நுழைவு இலவசம். வார நாள்ல மத்தியானத்துக்கு மேல போங்க, ஸ்கூல் கூட்டம் கலைஞ்சிருக்கும்.

ஆள் துணை இல்லாம இருக்கிறதுதான் உண்மையில பெரிய கஷ்டம், குழந்தைக்கும் உங்களுக்கும். டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும். கணவர் வேலைக்குப் போயிடுவார், நாள் முழுக்க நீங்களும் பிள்ளையும் மட்டும். அதனால பாடத்துக்கு முன்னாடி ஆட்களைத் தேடுங்க. உள்ளூர் வீட்டுக் கல்விக் குடும்பங்கள் வார நாள்ல பார்க்லயோ ஹால்லயோ கூடுவாங்க, லைப்ரரில கேட்டாலே தெரியும். ஈழத்துக் குடும்பங்கள் வார இறுதில நடத்துற தமிழ்ப் பள்ளி நிறைய ஊர்ல இருக்கு, அங்க பிள்ளைக்குத் தன் மாதிரியே வீட்டுல தமிழ் பேசற கூட்டாளி கிடைக்கும். கணவரையும் சும்மா விடாதீங்க, சனிக்கிழமை கணக்கு அவர் பொறுப்புன்னு முதல்லயே பேசிடுங்க. ஊர்ல இருந்து வீடியோ கால்ல "ஸ்கூலுக்கு எப்ப போற?"ன்னு கேட்கிற தாத்தாவுக்கு பிள்ளையே தினம் ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டட்டும். கேள்வி தானா குறையும்.

கவுன்சில்ல இருந்து கடிதம் வந்தா பயப்படாதீங்க, அதுக்காக பதில் போடாமலும் விடாதீங்க. பதிலே இல்லைன்னா அது ஸ்கூல் அட்டெண்டன்ஸ் ஆர்டர், அதாவது பிள்ளையை ஸ்கூல்ல சேர்க்கச் சொல்ற உத்தரவு, வரைக்கும் போகலாம். தினமும் ஒரு வரி எழுதி வைங்க: தேதி, என்ன படிச்சா, எங்க போனோம். அதுல இருந்து ரெண்டு பக்க அறிக்கை எழுதறது அரை நாள் வேலைதான்.

13, 14 வயசுப் பிள்ளையோட வந்தவங்களுக்கு இவ்வளவு அவகாசம் இல்ல. ஜிசிஎஸ்இ தேர்வை (16 வயசு வாக்குல எழுதற பொதுத் தேர்வு) பிரைவேட் கேண்டிடேட்டா எழுதணும், ஃபீஸ் உங்க கைக்காசு, சேர்த்துக்கிற தேர்வு சென்டரையும் நீங்கதான் தேடணும். கோர்ஸ்வொர்க் (தேர்வு தவிர படிக்கும்போதே செய்ற மார்க் வேலை) தொந்தரவு குறைவுங்கிறதால நிறைய பேர் இன்டர்நேஷனல் ஜிசிஎஸ்இ எடுக்கறாங்க. சென்டர் கிடைச்சிட்டு அப்புறம் பாடத்தைத் தேர்ந்தெடுங்க.

நடுவுல பிள்ளையே ஸ்கூலுக்குப் போகணும்னு கேட்டா, கவுன்சில் மூலமா எப்ப வேணாலும் இன்-இயர் (வருஷத்து நடுவுல சேர்ற) விண்ணப்பம் போடலாம். ஆனா செப்டம்பர்ல புதுசா சேர்றதுக்கு, ரிசப்ஷன் வகுப்புக்கு (4 வயசுல சேர்ற முதல் வகுப்பு) அந்த வருஷம் ஜனவரி 15, இயர் 7க்கு (11 வயசுல செகண்டரி ஸ்கூல் தொடங்கற வகுப்பு) முந்தின வருஷம் அக்டோபர் 31 கடைசி தேதி. ஸ்கூல்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு ஸ்கூலே ஞாபகப்படுத்தும். உங்களுக்கு அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க, காலண்டர்ல இப்பவே குறிச்சு வைங்க.