புதுப்பிப்பு: 44 வயதில் பட்டப்படிப்பு, சேர்ந்துவிட்டேன்
லண்டனில் இரவு ஷிஃப்ட் வேலை, வரலாறும் பிடிக்கும், கணினியும் பிடிக்கும், எதில் பட்டம் படிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். "ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்றுதான் பலரும் சொன்னீர்கள்.

தேர்ந்தெடுக்கவில்லை! ஓப்பன் யுனிவர்சிட்டியின் (வீட்டிலிருந்தே படிக்கும் பிரிட்டிஷ் தொலைதூரப் பல்கலைக்கழகம்) 'ஓப்பன்' பட்டத்தில் சேர்ந்துவிட்டேன். பல துறைப் பாடங்களைக் கலந்து படிக்கலாம். பழைய மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை (நல்லவேளை). பட்டம் வாங்க மொத்தம் 360 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளி) வேண்டும். ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 10 மணி நேரப் படிப்பு. வருடத்துக்கு 60 எடுத்தால் 600 மணி நேரம். அதாவது பாடம் நடக்கும் மாதங்களில் வாரம் 16, 18 மணி. ஆறு வருடம் ஆகும்.

முதல் பாடம் அக்டோபரில். கணினி பயமில்லை. கட்டுரை எழுதி 25 வருடம் ஆகிறது, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.