நாய்க்கு விளங்குவது சொல்லா, சொல்பவரா?

கிடுகுவேலி:
எங்கள் வீட்டு ஜிம்மி, அப்பா "இரு" என்றவுடன் குந்திவிடும். கனடாவில் இருக்கும் அண்ணா வாட்ஸ்அப் வீடியோவில் வந்து அதே "இரு" சொன்னால் வாலை ஆட்டுவதோடு சரி. குட்டியிலிருந்து பழக்கியதே அண்ணாதான். குரல் கேட்டவுடன் படலைவரை ஓடிப்போய்த் தேடும், ஆனால் குந்தாது. அப்படியென்றால் நாய்க்குப் பேச்சு விளங்குகிறதா, இல்லையா?

சோழகம்:
விளங்காது. அப்பா "இரு" சொல்லும்போது ஜிம்மியின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். மாரி பிஸ்கட் இருக்கிற கை மேலே போகும், கூடவே அவருடைய முகவாயும் கொஞ்சம் உயரும். அதைப் பார்த்துத்தான் அது குந்துகிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டளையை ஆளே சொல்லாமல் ஒலிப்பதிவாகப் போட்டபோது நாய்கள் சரியாகச் செய்வது குறைந்தது. 2016இல் இத்தாலியில், நீரில் மீட்புப் பணிக்குப் பழக்கிய நாய்களுக்கு வாயால் ஒன்றும் கையால் வேறொன்றும் காட்டினார்கள். கையைப் பார்த்துச் செய்ததுதான் கூட. பணிக்குப் பழக்கிய நாய்க்கே இந்த நிலை.

தட்டிவான்:
சோழகம் அண்ணை, சேசரை விட்டுவிட்டீர்களே. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜோன் பில்லி என்ற உளவியல் பேராசிரியர் பழக்கிய போர்டர் கொலி இன நாய் அது. 1022 விளையாட்டுப் பொருள்களைப் பெயர் சொல்லக் கேட்டு எடுத்துவரும். 2011இல் ஆய்விதழிலேயே வந்தது. மூக்கால் தொடு, காலால் தொடு, எடு என்ற மூன்று வினைகளைப் பொருளின் பெயரோடு மாற்றி மாற்றிச் சொன்னபோதும் பிரித்து அறிந்தது. அதற்கு முன்பு 2004இல் ஜெர்மனியில் ரிக்கோ என்ற நாய். அதற்குப் பொருள்களை வேறு அறையில் வைத்தார்கள். சொல்பவரின் கண்ணுக்கே பொருள் தெரியாதபோது எந்தக் கையைப் பார்த்தது?

சோழகம்:
பில்லி மூன்று வருடம், நாளுக்கு நான்கைந்து மணித்தியாலம் சேசரோடு இருந்தவர். அதுவும் ஆடு மேய்ப்பதற்கென்றே வளர்த்தெடுத்த இனம். விறாந்தையில் படுத்திருக்கும் எங்கள் ஊர் நாய்க்கும் அது பொருந்தும் என்கிறீர்களா? "இரு" என்பதற்குப் பதில் அதே தொனியில் "எரு" என்று சொல்லிப் பாருங்கள். பந்தயம், குந்தும். 2020இல் ஹங்கேரியில் நாய்களின் மூளை அலையைப் பதிவு செய்து பார்த்தார்கள். தெரிந்த கட்டளையையும், அதில் ஓர் ஒலியை மட்டும் மாற்றிய அர்த்தமில்லாத சொல்லையும் அவற்றின் மூளை வேறுபடுத்தவில்லை.

பனங்கிழங்கு:
அந்த ஆய்வை முழுதாகச் சொல்லுங்கள் தம்பி. முற்றிலும் வேறான சொல்லை மூளை வேறுபடுத்தியது. கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிப்பதில்தான் தடுமாற்றம். அதே நாட்டில் 2016இல் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், பாராட்டுச் சொல்லும் பாராட்டும் தொனியும் சேர்ந்தபோதுதான் மூளையில் மகிழ்ச்சிக்குரிய பகுதி நன்றாக வேலை செய்தது. கொஞ்சும் குரலில் ஏதோ ஒன்றைச் சொன்னால் போதவில்லை.

என்னைக் கேட்டால் பிழை பழக்குகிற விதத்தில்தான். கையும் சொல்லும் ஒரே நேரத்தில் போனால் நாய் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லை விட்டுவிடும். "இரு" என்று முதலில் சொல்லுங்கள். ஒரு விநாடி பொறுத்துக் கையைக் காட்டுங்கள். கொஞ்ச நாளில் கை வருமுன்பே குந்தத் தொடங்கும். அதன்பிறகு கையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வீட்டில் அப்பா "இரு", அம்மா "குந்து", தம்பி "சிற்" என்று ஆளுக்கொன்று சொன்னால் எந்த நாயும் குழம்பும். "இரு, இரு, இரு" என்று அடுக்குவதும் வேண்டாம், மூன்றாவதற்குத்தான் குந்த வேண்டும் என்று பழகிவிடும்.

தட்டிவான்:
அக்கா சொன்னதுதான். கையைப் பின்பற்றியதால் சொல் விளங்கவில்லை என்று ஆகாது. சந்தியில் பச்சை லைற் எரியும்போது பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தால் நிற்கிறோம். அதனால் எங்களுக்கு லைற் விளங்காதா?

சோழகம்:
பொலிஸ்காரர் இல்லாமல் சிவப்பு மட்டும் எரிந்தாலும் நாங்கள் நிற்போம். ஜிம்மிக்குக் கை இல்லாமல் ஒன்றும் நடக்காது.

தட்டிவான்:
சோழகம் அண்ணை எங்கள் ஊர் மோட்டார்சைக்கிள்காரரைக் கண்டதில்லைப் போல.

கிடுகுவேலி:
இப்போதுதான் செய்து பார்த்தோம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்று "இரு" என்றார். ஜிம்மி அவரைச் சுற்றி முன்னால் வந்து, முகத்தைப் பார்த்து, பிறகு குந்தியது. "எரு"வுக்கும் குந்தியது.

சோழகம்:
முகத்தைப் பார்த்த பிறகு!

தட்டிவான்:
கை கட்டியிருந்ததே! முகத்தில் "இரு" என்று எழுதியா இருந்தது?

பனங்கிழங்கு:
இதில் இரண்டு பேரும் வெல்லவில்லை. ஜெர்மனியில் கணக்குப் போடுகிறது என்று பேரெடுத்த ஹான்ஸ் குதிரை, கேள்வி கேட்பவரின் தலை அசைவைப் பார்த்தே குளம்பைத் தட்டியது என்று 1907இல் கண்டுபிடித்தார்கள். அசைத்தவர்களுக்கே தாங்கள் அசைத்தது தெரியாது. ஆகவே அப்பாவை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். "இரு", "வா" இரண்டையும் முறை வைக்காமல் மாற்றி மாற்றிச் சொல்லட்டும். முற்றத்தில் ஜிம்மி செய்வதை ஒருவர் எழுதட்டும். அவர் காதில் பாட்டுப் போட்டிருக்க வேண்டும், எந்தச் சொல் வந்தது என்று அவருக்குத் தெரியக்கூடாது. பிஸ்கட் அறைக்குள்ளேயே இருக்கட்டும்.