நான்கு மானிட்டருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

வணக்கம். பங்குச்சந்தை சார்ட் பார்க்க நான்கு 24 இஞ்ச் மானிட்டர்களோடு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். எல்லாமே 1080பி, கேம் கிடையாது. மானிட்டர் போக பட்ஜெட் 60,000 ரூபாய்.

இன்டெல் ஐ5-14400, 16 ஜிபி ராம் வரை முடிவாகிவிட்டது. அதன் உள் கிராபிக்ஸே நான்கு திரைகளைத் தாங்கும். ஆனால் நான் பார்த்த மதர்போர்டுகளில் மானிட்டர் மாட்ட ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான். சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர், இரண்டு திரையை போர்டிலும் இரண்டை ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டிலும் மாட்டச் சொல்கிறார். விலை குறைவுதான், ஆனால் இரண்டு கிராபிக்ஸ் டிரைவர் (அவற்றை இயக்கும் மென்பொருள்) சேர்ந்து ஓடினால் தகராறு வராதா? இல்லை, நான்கு அவுட்புட் உள்ள ஆர்டிஎக்ஸ் 3050 போட்டுவிடலாமா (சார்ட்டுக்கு அது கொஞ்சம் ஓவர்)? எம்எஸ்டி ஹப் (ஒரே டிஸ்ப்ளேபோர்ட்டைப் பல மானிட்டருக்குப் பிரித்துத் தருவது) வைத்து நாள் முழுக்க ஓட்டுபவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள். அப்புறம், 550 வாட் பவர் சப்ளை போதும்தானே? சனிக்கிழமை வாங்கப் போகிறேன்.