மறுமொழி: உயிரணுவுக்குள் இருப்பது சட்டகமா, சாரமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். உயிரணுவுக்குள், அதாவது செல்லுக்குள், பரவியிருக்கும் புரத இழைகளின் அமைப்பை (ஆங்கிலத்தில் cytoskeleton) கட்டட வேலைக்குக் கட்டுகிற 'சாரம்' என்ற சொல்லால் அழைக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். 'செல் சட்டகம்' பாடநூலில் பழகிவிட்டது, அப்படியே இருக்கட்டும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் பிளஸ் ஒன் விடைத்தாள் திருத்தும்போது ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தாள்: "செல் சட்டகம் செல்லுக்கு உறுதி தருகிறது. அது அசையாதது, மாறாதது." முதல் வாக்கியம் சரி. இரண்டாவது நான் நடத்தியதும் இல்லை, புத்தகத்தில் இருப்பதும் இல்லை. சட்டகம் என்ற சொல்லைப் பார்த்து அவளே பெற்றுக்கொண்டது. ஜன்னல் சட்டம், படச்சட்டம் எல்லாம் அசையாமல்தானே இருக்கின்றன? எனக்கு மதிப்பெண்ணைக் குறைக்கக் கை வரவில்லை.

> மூலச் சொல்லிலேயே எலும்புக்கூடு என்ற பொருள் இருக்கிறதே. நாமும் 'கூடு' என்று வைத்தால் என்ன?

ஐயா, அந்தப் பெயரை வைத்தவர் பிரெஞ்சுக் கருவியலாளர் பால் வின்ட்ரெபேர்; ஆண்டு 1931. உயிரணுவுக்குள் நுண்குழல்கள் என்ற மெல்லிய புரதக் குழல்கள் பரவிக்கிடப்பது தெளிவாகத் தெரிந்ததோ 1963இல், குளுட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் பதப்படுத்தி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகு. அந்தக் குழல்கள் நின்ற நிலையில் நிற்பதில்லை, வளர்ந்துகொண்டே இருக்கும்போது திடீரெனச் சரசரவென்று குட்டையாகிவிடுகின்றன என்று ஆய்வாளர்கள் மிட்சிசனும் கிர்ஷ்னரும் காட்டியது 1984இல். பார்ப்பதற்கு முன்பே வைத்த பெயர் அது. பார்த்த பிறகு பெயர் வைக்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. அதை ஏன் விட வேண்டும்? இலங்கை நண்பர் சொன்ன 'குழியவன்கூடு' ஓசைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'வன்' என்ற அடை எனக்கு உறுத்துகிறது. வன்மை அதன் குணத்தில் பாதிகூட இல்லை.

நான் 'சாரம்' என்று சொன்னதற்குக் காரணம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. சத்துவாச்சாரியில் எதிர்வீட்டுக்காரர் மாடி எடுக்கிறார். சவுக்குக் கம்பம், கயிறு, குறுக்கே பலகை. காலையில் கிழக்குச் சுவரில் நின்ற சாரத்தைச் சாயங்காலத்துக்குள் அவிழ்த்து, அதே கம்பத்தையும் அதே கயிற்றையும் கொண்டே வடக்குச் சுவரில் கட்டிவிட்டார்கள். நுண்குழலும் இதைத்தான் செய்கிறது. டியூபுலின் என்ற புரதத்துண்டுகள் கோத்துக் குழலாகின்றன, பிரிந்து கரைகின்றன, வேறு இடத்தில் மறுபடி கோக்கின்றன. உயிரணு பிரியும் நேரம் வந்தால் பழைய குழல்களை எல்லாம் கலைத்துவிட்டு, அதே துண்டுகளால் குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிரைக் கட்டுகிறது. எலும்புக்கூடு இப்படிச் செய்யுமா?

அந்தச் சாரத்தின் மேல் ஒரு சித்தாள் அம்மா சாந்துச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கால் பலகையில் நன்றாக ஊன்றிய பிறகுதான் மறுகாலை எடுக்கிறார். நுண்குழலின் மேல் சுமை தூக்கிப்போகும் கைனெசின் நடப்பதும் இப்படித்தான். 1985இல் கணவாய் மீனின் நரம்பிலிருந்து பிரித்தெடுத்த புரதம் அது. இரண்டு 'கால்', ஒன்று குழலைப் பிடித்திருக்க, மற்றொன்று முன்னால் போகும். ஒரு காலடி 8 நானோமீட்டர். ஒவ்வொரு காலடிக்கும் உயிரணுவின் எரிபொருளான ஏடிபி ஒரு மூலக்கூறு செலவு. தலைக்கு மேல் தன்னைவிடப் பல மடங்கு பெரிய சுமைப்பை. சாரம் என்ற சொல்லுக்குள் தாங்குதல், கட்டி அவிழ்த்தல், சுமை போகும் வழி மூன்றும் இருக்கின்றன. வேறொரு தமிழ்ச் சொல்லில் இந்த மூன்றும் சேர்ந்து எனக்குக் கிடைக்கவில்லை.

> சுமை போவதுதான் முக்கியம் என்றால் 'உயிரணுத் தண்டவாளம்' என்று வைத்துவிடலாமே. நாமெல்லாம் காட்பாடி ஜங்ஷன் பார்த்து வளர்ந்தவர்கள்.

தம்பி, வகுப்பில் உவமையாகச் சொல்ல அருமையானது. உயிரணுவில் குழல்கள் முளைக்கும் இடமான மையவுடலிலிருந்து அவை நாலாபுறமும் கிளம்புவதைக் காட்பாடியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் திருப்பதிக்கும் விழுப்புரத்துக்கும் பிரியும் பாதைகளாக நானே கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஆனால் தண்டவாளம் ஊரைத் தாங்குவதில்லை.

இந்தச் சுமைப்போக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் என் அத்தையிடம் பார்த்தேன். அவருக்குப் புற்றுநோய்க்காக வின்கிறிஸ்டின் ஊசி போட்டுக்கொண்டிருந்த காலம். நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் மருந்துதான் அது. டியூபுலின் துண்டுகள் கோப்பதைத் தடுக்கும். அதனால் புற்றணு பிரிய முடியாமல் நிற்கும். ஒரு நாள் ஆட்டோவிலிருந்து இறங்கி நாலடி நடந்த பிறகுதான் இடக்கால் செருப்பு ஆட்டோவிலேயே கிடப்பதைக் கவனித்தோம். அத்தைக்குக் கழன்றதே தெரியவில்லை, விரல்கள் மரத்திருந்தன. இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பணுவிலிருந்து கால்விரல் நுனிவரை ஒரே இழை, ஏறக்குறைய ஒரு மீட்டர். விரைவுச் சுமைகூட ஒரு நாளைக்கு அதிகமாய்ப் போனால் 400 மில்லிமீட்டர்தான் போகும். இரண்டரை நாள் பயணம். வழியில் குழல் பழுதானால் முதலில் காய்வது கடைக்கோடி. எங்கள் வேலியோரத்துக் கண்வலிக்கிழங்கும், அதாவது நம் மாநில மலரான செங்காந்தளும், இதே டியூபுலினைப் பிடிக்கும் கால்சிசின் என்ற நஞ்சைத்தான் வைத்திருக்கிறது. டியூபுலினை முதலில் அடையாளம் கண்டதே 'கால்சிசின் ஒட்டிக்கொள்ளும் புரதம்' என்றுதான். இவ்வளவு நெருக்கமான பொருளுக்கு நம் பிள்ளைகள் நெருக்கமான சொல் இல்லாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

இனி, என் சொல்லின் மேல் வந்த குறைகள். 'கலச்சாரம்' (கலம் என்றால் உயிரணு) என்றால் கலாச்சாரம் என்று படித்துவிடுவார்கள் என்றார் அம்மா ஒருவர். உண்மை; நானே ஒருமுறை அப்படித் தட்டச்சு செய்துவிட்டேன். அதை விட்டுவிடுவோம். 'உயிரணுச் சாரம்' என்றால் உயிரணுவைப் பிழிந்தெடுத்த சாறு என்று பொருள்படும் என்றதும் சரியே. அதனால் 'இழைச்சாரம்' என்று மாற்றிச் சொல்கிறேன். முன்னால் இழை வந்துவிட்டால் கட்டப்பட்ட பொருள் என்பது தெரிந்துவிடுகிறது. சொல்லவும் எளிது. இடம் தெளிவாக வேண்டிய வாக்கியத்தில் 'உயிரணுவின் இழைச்சாரம்' எனலாம்.

> டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் சல்ஃபைடும் போட்டு ஊறவைத்தால்தான் தோலிலிருந்து முடி கழலும். அந்த முடி கெரட்டின். அதுவும் இந்த இழைக் குடும்பம்தான் என்கிறீர்கள். அவ்வளவு பிடிவாதமான பொருளைக் கட்டி அவிழ்க்கும் சாரம் என்பது பொருந்துமா?

ஆம்பூர் நண்பரின் இந்தக் கேள்விதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. இந்த அமைப்பில் மூன்று வகை இழைகள். 7 நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்டின் என்ற புரத இழையும் 25 நானோமீட்டர் நுண்குழலும் மாறிக்கொண்டே இருப்பவை. நடுவில் 10 நானோமீட்டர் இழைகள், கெரட்டினின் குடும்பம், நிதானமானவை. சுமைப் புரதங்கள் அவற்றின்மேல் நடப்பதும் இல்லை. இழுத்தால் அறாமல் தாங்குவது அவற்றின் வேலை. சாரத்தில் கம்பத்தைப் பிணைக்கும் கயிறு என்று அவற்றைச் சொல்லலாம், ஆனால் முடியில் இறுகிப்போன கெரட்டினுக்கு என் சொல் முழுதாகப் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். அதே குடும்பத்து லாமின் இழைகளோ உட்கருவின் உள்சுவரில் வலையாக நின்று, உயிரணு பிரியும்போது கலைந்து, பிறகு மீண்டும் கூடுகின்றன. ஆகவே குடும்பம் முழுக்கவே சாரத்துக்கு வெளியே இல்லை. அந்த இழைகளுக்கு 'இடைநிலை இழை' என்ற பெயரையும் மாற்றவேண்டும். இடைநிலை என்றால் ஏதோ ஒன்று இன்னொன்றாக மாறுகிற கட்டம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தடிமனில்தான் அது நடுவானது. 'இடைத்தடி இழை' என்று வைக்கலாமா? தடி என்றதும் கம்பு நினைவுக்கு வருமோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது.

இன்னொன்று. நுண்குழலின் இரு முனைகளைக் 'கூட்டல் முனை, கழித்தல் முனை' என்று மொழிபெயர்த்திருக்கிறோம். பிள்ளைகள் அதை மின்னூட்டம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கரும்புக்குச் சொல்வதுபோல அடி, நுனி என்றே சொல்வோம். மையவுடலில் ஊன்றியிருப்பது அடி. வெளியே வேகமாக நீள்வது நுனி. கைனெசின்களில் பெரும்பாலானவை நுனியை நோக்கி நடக்கும், இன்னொரு சுமைப் புரதமான டைனீன் அடியை நோக்கித் திரும்பும். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று பதினொன்றாம் வகுப்புக்கு இந்தப் பாடம் எடுக்கிறேன். அடியும் நுனியும் போட்டுத்தான் படம் வரையப்போகிறேன்.

அன்புடன்,
சத்துவாச்சாரி, வேலூர்