புதிதாகக் கில்ட் (ஸ்காட்டிஷ் ஆண்களின் கொசுவப் பாவாடை) போட வருகிறவரிடம் முதலில் எதைச் சொல்வது?

கிரானைட்நகர்: வணக்கம், இங்கே புதிது. அபர்டீனில் வேலை. அடுத்த மாதம் இன்வர்னஸில் ஆபீஸ் நண்பருக்குக் கல்யாணம், நீயும் கில்ட்டில்தான் வரணும் என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டார். என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: கறுப்புப் பருத்தித் துணி, இரண்டு பக்கமும் பெரிய பை, மலையேறப் போகும்போது ஆசையாகப் போட்டுக்கொள்வேன். அதையே கல்யாணத்துக்கும் போடலாமா? குலத்துக்கு ஒரு கட்டம் என்கிறார்களே, அந்த டார்டன் துணிதான் வேண்டும் என்றால், ஸ்காட்டிஷ் குலம் எதையும் சேராத நான் எதை எடுப்பது?

எட்டுகெஜம்: கல்யாணத்துக்கு அது வேண்டாம். வந்ததும் வராததுமாக இப்படிச் சொல்வது சங்கடம்தான், ஆனால் யாராவது சொல்லியாக வேண்டும். முறையான கில்ட் என்றால் எட்டு கெஜம் கம்பளி, அதாவது ஏழு மீட்டருக்கு மேல். முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு தட்டையான மடல், பின்னால் முழுக்கக் கையால் தைத்த கொசுவம். கொசுவம் வைக்கும்போது டார்டன் கட்டம் குலையாமல் பின்பக்கமும் அப்படியே தொடர்ந்து வர வேண்டும், அதற்கு ஒவ்வொரு மடிப்பையும் கணக்குப் பண்ணி வைப்பார்கள். வருடக்கணக்கில் பழகினால்தான் அந்தக் கை வரும். பை வைத்த பருத்தியையும் அதே பெயர் சொல்லித் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்தத் தொழிலாளிக்கு வேலை எங்கிருந்து வரும்?

கிளைடுகரை: அவர் கேட்டது இரண்டு கேள்வி, நீங்கள் கொடுத்தது தீர்ப்பு. ஒரு மனிதர் ஆசையாக வருகிறார், முதல் பதிலிலேயே "நீ போட்டிருப்பது கில்ட் இல்லை" என்றால் அவர் இரண்டாவது கேள்வி கேட்பாரா? இப்படி வந்து ஓடிப்போனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்புறம், முறை முறை என்கிறீர்களே, அது எவ்வளவு பழசு? ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் (ஹைலண்ட்ஸ்) முதலில் இருந்தது பெரிய பிளெய்ட் என்ற நீளமான கம்பளித் துணி, உடம்பில் சுற்றி இடுப்பில் வாரால் இறுக்கி மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வது. இடுப்புக்குக் கீழே மட்டும் தனியாக வந்ததே 18ஆம் நூற்றாண்டில். தைத்த கில்ட் வந்த புதிதில் ஏறக்குறைய நாலு கெஜம்தான் போட்டார்கள், உங்கள் பெயரில் இருப்பதில் பாதி. குலத்துக்கு ஒரு டார்டன் என்பதும் அப்படித்தான்: 1815இல் லண்டன் ஹைலண்ட் சொசைட்டி உங்கள் டார்டன் துணியை அனுப்புங்கள் என்று குலத்தலைவர்களைக் கேட்டபோது, தங்களுடையது எது என்று பல தலைவர்களுக்கே தெரியவில்லை. 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தார், வரவேற்பை எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்தார், அதற்கப்புறம்தான் மலைநாட்டு உடை மொத்த ஸ்காட்லாந்தின் உடையாக ஆக ஆரம்பித்தது. மாறி மாறி வந்த ஒரு உடைக்கு வாசலில் காவல் எதற்கு?

எட்டுகெஜம்: வரலாறு சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள். கல்லோடன் போரில் ஜேக்கபைட் கிளர்ச்சிப் படை தோற்ற பிறகு 1746இல் சட்டம் போட்டு இந்த உடையைத் தடை செய்தார்கள். முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழு வருடம் நாடு கடத்தல். அரசாங்கப் படையில் இருந்த மலைநாட்டுச் சிப்பாய்க்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் சட்டத்தை நீக்கினார்கள். போட்டதற்காக மனிதர்கள் ஜெயிலுக்குப் போன உடை இது. அதை ஒழுங்காகப் போடுங்கள் என்று கேட்பது காவல் போடுவது ஆகாது. விவரம் தெரியாமல் ஒருவரைச் சபையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நான் அன்பாக நடந்துகொண்டேன் என்று சொல்ல என்னால் முடியாது.

மேப்பிள்காடு: ஒன்டாரியோவிலிருந்து எழுதுகிறேன். மாக்ஸ்வில்லில் நடக்கும் கிளென்கரி ஹைலண்ட் விளையாட்டுக்குப் போனால் எல்லா ரகமும் பார்க்கலாம், பைப் (ஸ்காட்டிஷ் பை ஊதல்) பேண்ட்காரர்களின் கனமான கம்பளி, பக்கத்திலேயே காக்கிப் பருத்தி, யாரும் யாரையும் விரட்டுவதில்லை. குலம் பற்றிக் கவலை வேண்டாம், யார் எந்த டார்டன் போடலாம் என்று சட்டம் எதுவும் கிடையாது. பிளாக் வாட்ச் என்ற கரும்பச்சை-நீல டார்டன் யார் வேண்டுமானாலும் போடுவது. கனடாவுக்கு மேப்பிள் லீஃப் டார்டன் 2011 முதல் அதிகாரபூர்வமானது, சீக்கியர்களுக்குச் சிங் டார்டன்கூட இருக்கிறது.

நீங்கள் இரண்டு பேருமே விட்டுவிட்ட ஒன்றை நான் சொல்கிறேன். உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்பார்கள், குடித்தவர்கள் சில பேர் பின்னாலிருந்து தூக்கியும் பார்ப்பார்கள். எனக்கு நடந்திருக்கிறது, கூச்சத்தில் உறைந்து நின்றேன். அதை விளையாட்டு என்று சிரித்துச் சமாளிக்க வேண்டியதில்லை, கையைத் தட்டிவிட்டு நேராகச் சொல்லுங்கள். புதிதாக வருகிறவரிடம் கெஜக் கணக்குக்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பேர் ஒரே தடவையோடு கில்ட்டைப் பெட்டியில் வைத்துவிடுவது இதனால்தான்.

கிளைடுகரை: நூறு சதம் சரி.

கிரானைட்நகர், வாடகைக்கு எடுங்கள். இங்கே கல்யாண மாப்பிள்ளைகளே பாதிப் பேர் வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள், ஸ்பாரன் (முன்னால் தொங்கும் சிறு பை), காலுறை, ஷூ எல்லாம் சேர்த்தே தருவார்கள். ஜீன்ஸ் அளவைச் சொல்லிவிடாதீர்கள், கில்ட் நிற்பது தொப்புள் உயரத்தில், அங்கே நாடா வைத்து அளக்கச் சொல்லுங்கள், கீழ் ஓரம் முழங்கால் நடுவில் வரட்டும். உங்கள் பருத்தியை மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கில்ட்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எட்டுகெஜம்: எனக்கு இருக்கிறது. வாடகை யோசனை நல்லதுதான். ஆனால் கல்யாணத்துக்கு ஏன் கம்பளி என்று யாரும் காரணம் சொல்லவில்லையே. சாப்பாடு முடிந்ததும் கெய்லி (ceilidh) என்ற ஸ்காட்டிஷ் கூட்டு நடனம் இருக்கும். அதில் ஸ்ட்ரிப் தி வில்லோ என்ற ஆட்டம் ஆடும்போது கையைக் கோத்துச் சுழற்றி விடுவார்கள், பதினாறு அவுன்ஸ் கம்பளி தன் கனத்திலேயே விசிறி மாதிரி விரிந்து திரும்ப இடத்தில் விழும், மெல்லிசுத் துணி மேலே பறக்கும். மேப்பிள்காடு சொன்ன கூச்சம் அங்கேயும் வரும். இதைத்தான் முறை என்கிறேன், வெறும் வறட்டுப் பிடிவாதம் இல்லை.

கிளைடுகரை: இதையே முதல் பதிலில் சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

எட்டுகெஜம்: தொழிலாளி பற்றி முதல் பதிலில் சொன்னதையும் நான் விடப் போவதில்லை. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கிரானைட்நகர்: எல்லோருக்கும் நன்றி. பிளாக் வாட்ச் வாடகைக்குச் சொல்லிவிட்டேன். எட்டுகெஜம் அண்ணா, என்றைக்காவது சொந்தமாகத் தைக்கிற எண்ணம் இருக்கிறது, அப்போது உங்களிடம்தான் வருவேன். இப்போதைக்கு ஒரு சந்தேகம்: முன் மடல் பறக்காமல் இருக்க ஊக்கை இரண்டு மடலையும் சேர்த்துக் குத்த வேண்டுமா?

எட்டுகெஜம்: கூடவே கூடாது, மேல் மடலில் மட்டும், வலது கீழ் மூலைப் பக்கம். சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி இழுத்துக் கிழியும். உட்காரும்போது கொசுவத்தைக் கையால் பின்னாலிருந்து கீழே தடவிவிட்டு உட்காருங்கள், இல்லையென்றால் கசங்கிவிடும். சொந்தமாகத் தைத்து வந்தால் கொசுவத்தின் குறுக்கே தற்காலிகமாக ஓட்டிய வெள்ளை நூல் இருக்கும், போடுவதற்கு முன்னால் அதைப் பிரித்துவிட வேண்டும். தைக்கக் கொடுக்கும்போது எழுதுங்கள் தம்பி, துணி எடுப்பதிலிருந்தே சொல்கிறேன்.