வண்டிகளைத் ‘திரும்பப் பெறுதல்’ என்பதற்கு மாற்றாக ‘மீளழைப்பு’

அனைவருக்கும் வணக்கம்.

விற்ற வண்டிகளில் பாதுகாப்புக் குறைபாடு இருப்பது தெரியவந்ததும் அவற்றைப் பணிமனைக்கு வரவழைத்துச் சரிசெய்து தரும் நடவடிக்கைக்கு (ஆங்கிலத்தில் ‘ரீகால்’) தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு நம் குழுவில் இதுவரை வந்த மறுமொழிகளைப் படித்தேன். ‘திரும்பப் பெறுதல்’ நாளேடுகளில் வேரூன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டாம் என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். வேறொரு சொல்லாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்பவரோ ஆபத்தான உறுப்பு பொருத்திய வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பார் என்பதால் இங்கே என்னால் உடன்பட முடியவில்லை.

என் சித்தப்பாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய கார் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவரது வண்டி ‘திரும்பப் பெறப்படும்’ வண்டிகளுள் ஒன்று என்று அதில் இருந்தது. வங்கிக் கடன் பாதிகூட அடையாத நிலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், தவணை மட்டும் தன் தலையில் நிற்கும் என்று அஞ்சிய அவர், அந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாமல் பீரோவில் வைத்துவிட்டார். ஏழு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது சித்தி கையில் அது கிடைத்தது. பணிமனையில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த வேலை, ஒரு ரூபாயும் செலவில்லை. அவர் படிக்காதவர் அல்லர். நாற்பது ஆண்டுகளாகத் தமிழ் நாளேடு படிப்பவர். அவர் அந்தச் சொல்லுக்குக் கொண்ட பொருளே அதன் இயல்பான பொருள் என்பதுதான் என் வாதத்தின் அடிப்படை.

வழக்கைத் திரும்பப் பெற்றால் வழக்கு இல்லாமல் போகிறது, வேட்புமனுவும் அப்படியே. கெட்டுப்போன உணவுப் பொட்டலத்தையோ தரமற்ற மருந்தையோ திரும்பப் பெறுகிறார்கள் என்றால் பொருள் உண்மையிலேயே வாங்கியவர் கையை விட்டுப் போகிறது. அங்கே அந்தச் சொல் மிகப் பொருத்தம், அது அப்படியே இருக்கட்டும். காருக்கோ இருசக்கர வண்டிக்கோ நடப்பது பெரும்பாலும் வேறு. வண்டி போகிறது, ஓர் உறுப்பு மாற்றப்படுகிறது, வண்டி உரியவரிடமே வந்துசேர்கிறது. ஆங்கிலம் இந்த இரண்டு செயல்களையும் ஒரே சொல்லில் அடக்கிக்கொள்கிறது என்பதற்காகத் தமிழும் அடக்க வேண்டியதில்லை.

‘பாதுகாப்பு’ என்ற அடைமொழியைச் சேர்த்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ‘பாதுகாப்பு திரும்பப் பெறப்பட்டது’ என்று நாளேட்டில் படித்தால், ஓர் அரசியல் தலைவருக்கு அளித்த காவலை விலக்கிக்கொண்டார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

இந்தச் சொல் எவ்வளவு எடையைத் தாங்க வேண்டும் என்பதற்கு ஜப்பானிய உதிரிபாக நிறுவனமான டகாட்டாவின் காற்றுப்பை (ஏர்பேக்) விவகாரத்தை நினைவூட்டுகிறேன். காற்றுப்பையை விரிக்கும் கலத்தில் (இதை ‘ஊதுகலன்’ என்று இந்தக் கடிதத்தில் குறிக்கிறேன், அதையும் விவாதிக்கலாம்) அந்த நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காத ஊதுகலன்களில், ஆண்டுக்கணக்கான வெப்ப ஏற்ற இறக்கத்தாலும் ஈரப்பதத்தாலும் அந்த வேதிப்பொருள் சிதைந்து, மோதலின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்தது. உயிர் காக்க வேண்டிய ஊதுகலனே வெடித்து, உலோகச் சில்லுகள் ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் பாய்ந்தன. ஹோண்டா 2008 நவம்பரில் ஏறத்தாழ 4,000 கார்களுடன் தொடங்கிய நடவடிக்கை, பல நிறுவனங்களையும் உள்ளிழுத்து, அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஊதுகலன்கள் என்ற அளவுக்கு வளர்ந்தது. 2017 ஜூனில் டகாட்டா திவாலானது. வெப்பமும் ஈரமும் மிகுந்த மலேசியாவிலும் உயிர்கள் போயின. அங்கே தமிழில் செய்தி படிக்கும் குடும்பங்கள் ஏராளம் என்பதை நம் குழுவில் உள்ள மலேசிய நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2016 ஜூன் இறுதியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா (ஹோண்டாவின் உயர்ரக வண்டிப் பெயர்) மாதிரிகளின் உரிமையாளர்களிடம் வண்டியை ஓட்டவே வேண்டாம், சரிசெய்த பிறகே ஓட்டுங்கள் என்று கூறியது. சோதனையில் அவற்றின் ஊதுகலன்கள் வெடிக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு வரை இருந்தது. முதல் அறிவிப்புகள் வந்து பல ஆண்டுகள் ஆகியும் அவ்வண்டிகள் சாலையில் இருந்தன; பழைய வண்டிகள் கைமாறிக் கைமாறிப் போயிருந்தன. உறுப்பு தயாராக இருந்தாலும் உரிமையாளர் வந்தால்தான் வேலை நடக்கும். ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் ‘அழைப்பு’ இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘பெறுதல்’ என்பதில் நிறுவனம் மட்டுமே செயல்படுகிறது. ‘அழைப்பு’ என்றால் வர வேண்டியவர் ஒருவர் இருக்கிறார்.

இனி, முன்மொழியப்பட்ட சொற்கள். ‘திரும்ப அழைத்தல்’ தேர்ந்தெடுத்த உறுப்பினரை வாக்காளர்கள் பதவியிலிருந்து இறக்கும் உரிமைக்கு வழங்குகிறது. குழுவில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் தந்த ‘மீளப்பெறல்’ இலங்கையில் பழகிய அழகான ஆக்கம்தான் என்றாலும் ‘பெறல்’ அதிலும் இருக்கிறது. ‘திருத்தழைப்பு’ என்பது முதலில் எனக்கே தோன்றியது. இரண்டு நாள் அதை விரும்பிக்கொண்டிருந்தேன். கைவிட்டதற்குக் காரணம் இந்தியச் சட்டம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110அ பிரிவு, இத்தகைய நடவடிக்கையில் உற்பத்தியாளர் செய்யக்கூடியவையாக மூன்றைச் சொல்கிறது: முழு விலையைத் திருப்பித் தருவது, அதே தரத்திலோ மேம்பட்ட தரத்திலோ வேறு வண்டி தருவது, குறையைச் சரிசெய்வது. அரசின் ஆணைக்குக் காத்திராமல் உற்பத்தியாளரே குறையை அறிவித்து நடவடிக்கை தொடங்கினால் அபராதம் இல்லை என்பதும் அதில் உண்டு. மூன்று முடிவுகளுக்கும் பொதுவான சொல் வேண்டுமெனில், சரிசெய்வதை மட்டும் சுட்டும் ‘திருத்தழைப்பு’ போதாது.

எனவே நான் ‘மீளழைப்பு’ என்பதை முன்மொழிகிறேன். மீள்குடியேற்றம், மீளாய்வு, மீள்பார்வை என்று தமிழகம், இலங்கை ஆகிய இரு கரைகளிலும் பழகிய ‘மீள்’ என்ற முன்னொட்டு அதில் இருக்கிறது. வினையாகவும் இயல்பாக நிற்கும்: ‘நிறுவனம் 4,000 கார்களை மீளழைத்தது’, ‘மீளழைக்கப்பட்ட வண்டி’. தொலைபேசியில் திருப்பி அழைப்பதோடு குழம்பாதா என்று கேட்கலாம். தனியாக நின்றால் குழம்பும், மறுக்கவில்லை. ‘வண்டி மீளழைப்பு’ என்றோ, சட்ட ஆவணங்களில் ‘பாதுகாப்புக் குறைபாட்டு மீளழைப்பு’ என்றோ எழுதினால் ஐயம் எழாது. ‘குறைபாடு’ என்பதை வேண்டுமென்றே தேர்ந்தேன். ‘பழுது’ என்றால் ஓட்டி ஓட்டித் தேய்ந்தது என்ற எண்ணம் வரும். ‘குறைபாடு’ பிறவியிலேயே இருந்தது, உரிமையாளர் தவறன்று என்று சொல்லும்.

சொல் நிற்குமா என்று பார்க்க, சித்தப்பாவுக்கு வந்திருக்க வேண்டிய கடிதத்தை எழுதிப் பார்த்தேன்:

“உங்கள் வண்டி, பாதுகாப்புக் குறைபாடு ஒன்றைச் சரிசெய்வதற்காக மீளழைக்கப்படுகிறது. வண்டி உங்களுடையதாகவே இருக்கும். சரிசெய்ததும் உங்களிடமே ஒப்படைக்கப்படும். இதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் பதிவுச் சான்றில் உள்ள 17 இடம் கொண்ட சேஸிஸ் எண்ணை எங்கள் இணையதளத்தில் இட்டு, உங்கள் வண்டி இதில் அடங்குகிறதா என்று உறுதிசெய்யுங்கள். அந்த எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வருவதில்லை. அவைபோல் தெரிபவை 1, 0 ஆகிய எண்களாக இருக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் நாள் குறித்துக்கொண்டு வாருங்கள். மாற்றப்பட்ட உறுப்பின் பெயர் எழுதிய ஜாப் கார்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வண்டியை ஓட்ட வேண்டாம் என்று இக்கடிதத்தில் இருந்தால், ஓட்டி வராமல் எங்களுக்குத் தெரிவியுங்கள். வண்டியை விற்றுவிட்டீர்கள் எனில் இக்கடிதத்தை வாங்கியவரிடம் சேர்ப்பியுங்கள்.”

கடைசி வரியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கடிதம் நிறுவனத்திடம் உள்ள பழைய முகவரிக்குப் போய்விடலாம் என்பதால், பழைய வண்டி வாங்கியவர்கள் கடிதத்துக்குக் காத்திராமல் சேஸிஸ் எண்ணைத் தாங்களே இட்டுப் பார்ப்பதுதான் நல்லது. இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி அரசு கட்டாயப்படுத்தும் மீளழைப்பு 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். அதனினும் பழையவற்றுக்கு நிறுவனங்கள் தாமாக அறிவிப்பதையே நம்ப வேண்டியிருக்கிறது.

‘சேஸிஸ் எண்’ என்பதை மேற்கண்ட கடிதத்தில் அப்படியே விட்டிருக்கிறேன். ‘அடிச்சட்ட எண்’ என்று சிலர் எழுதுகிறார்கள். பணிமனையில் அதைச் சொன்னால் புரியுமா என்பது ஐயமே. இதில் பணிமனைகளோடு பழக்கமுள்ள உறுப்பினர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.