63 வயது, ஒரு முழங்கால்: கோல்ஃப் மைதானத்தில் நடப்பதா, பக்கியில் ஏறுவதா?

பீனிக்ஸ் வாத்தியார் எழுதியது:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸில் இருக்கிறேன். பள்ளியில் மரவேலை கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் தமிழ் கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கோல்ஃப் பற்றியது. நாங்கள் நான்கு பேர் இருபது வருடத்துக்கு மேலாகச் சனிக்கிழமை காலை ஆடுகிறோம். மூன்று பேர் மைதானத்துக்குள் ஓடும் சின்ன பேட்டரி வண்டிக்கு மாறிவிட்டார்கள். டிவியில் அதை பக்கி என்கிறார்கள். எங்கள் ஆயா பேரப்பிள்ளைகளைத் திட்டும் சொல் அது, அதனால் நான் கார்ட் என்றே எழுதுகிறேன். நான் மட்டும் இன்னும், மட்டைப் பையைத் தூக்கி வரும் கேடியோடு நடக்கிறேன். பதினெட்டுக் குழி முடியும்போது கைபேசி ஒன்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் காட்டும்.

இப்போது இரண்டு தொல்லை ஒன்றாக வந்திருக்கிறது. ஒன்று, இடது முழங்கால். பதின்மூன்றாம் குழி முடிந்து மேட்டிலிருந்து இறங்கும்போது உள்ளே ஊசி குத்துகிறது. இரண்டாவது, கிளப் கமிட்டி. அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் ஒன்பது மணிக்கு முன்னால் புறப்படும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கார்ட் கட்டாயமாம். ஆட்டம் வேகமாக நகர வேண்டுமாம். வாடகை 450 ரேண்ட், இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். பென்ஷன்காரனுக்கு அது சின்னக் காசு இல்லை.

நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கார்ட்டில் போன இரண்டு முறையும் நான் ஆடியது ஆட்டமே இல்லை. மூன்றாம் குழியில் பந்தை மரத்துக்குள் அடித்தால், அந்தக் கோபம் இறங்க எனக்கு இருநூறு அடி நடையாவது வேண்டும். கார்ட்டில் அரை நிமிடத்தில் பந்தின் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். கோபம் அப்படியே கையில் இருக்கும். அதே கையால்தான் அடுத்த அடி.

அப்புறம் என் கேடி. பதினொரு வருடமாக என் பையைத் தூக்குகிறவர். என்னை டீச்சர் என்பார். நான் மட்டையை வேகமாகச் சுழற்றப் போனால் பின்னாலிருந்து "கஹ்லே, டீச்சர்" என்று ஒரு குரல் வரும், ஜூலு மொழியில் மெதுவாக என்று அர்த்தம். எல்லோரும் கார்ட்டில் ஏறினால் அவருக்குச் சனிக்கிழமைச் சம்பளம் யார் கொடுப்பது?

நான் என்ன செய்யட்டும்?

மிட்ராண்ட் குமார் எழுதியது:

வாத்தியார் ஐயா, நான் கார்ட் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து வந்து ஜோஹானஸ்பர்க் பக்கம் ஒன்பது வருடமாக இருக்கிறேன், மென்பொருள் வேலை, வாரம் முழுவதும் நாற்காலி. இங்கே கோடை மாலைகளில் மூன்று மணிக்கு மேல் இடி இறங்கும். சைரன் ஒலித்ததும் கார்ட் இருந்தால் நான்கு நிமிடத்தில் கிளப் வந்துவிடலாம். (கார்ட்டுக்குள்ளேயே உட்கார்ந்து மழை விடட்டும் என்று காத்திருக்காதீர்கள். திறந்த வண்டி, கூரை இருந்தாலும் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை.)

ஆனால் வேகம் என்று உங்கள் கமிட்டி சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஒரு கார்ட்டில் இரண்டு பேர், ஒருவர் பந்து இடது ஓரம், இன்னொருவர் பந்து வலது ஓரம். இங்கே ஓடு, அங்கே ஓடு, ஒருவர் அடிக்கும்வரை மற்றவர் சும்மா உட்கார்ந்திரு. மழை பெய்த மறுநாள் புல்லில் ஏற்றாதே, பாதையிலேயே நிறுத்து என்பார்கள். நீங்கள் ஏழாம் நம்பர் இரும்பு மட்டையை எடுத்துக்கொண்டு பந்துவரை நடப்பீர்கள், போனால் எட்டாம் நம்பர் வேண்டியிருக்கும், திரும்பி நடப்பீர்கள். நானே இப்படி ஒரு நாளில் ஐந்து கிலோமீட்டர் நடந்திருக்கிறேன், கார்ட்டுக்கு வாடகையும் கொடுத்துவிட்டு.

எங்கள் கிளப் கார்ட்டுகள் 48 வோல்ட் பழைய ஈய பேட்டரி. காலையில் ஒரு சுற்று ஓடி, பாதி சார்ஜோடு இரண்டாவது சுற்றுக்கு வந்தால் பதினாறாம் குழி மேட்டில் மூச்சு வாங்கும். மின்வெட்டு நாட்களில் இறங்கித் தள்ளியும் இருக்கிறோம்.

உங்களுக்கு ஒரு கணக்கு. 2008 வாக்கில் அமெரிக்காவில் டென்வரில் எட்டு ஆட்டக்காரர்களை அளந்து பார்த்தார்கள். ஒன்பது குழிக்கு, பையைத் தோளில் சுமந்தால் 721 கலோரி, பையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினால் 718, கேடியோடு 613, கார்ட்டில் 411. ஸ்கோரும் தள்ளுவண்டிக்காரர்களுக்குத்தான் நன்றாக வந்தது, சுமந்தவர்களுக்கு மோசம். எட்டே பேர், அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் மூன்று சக்கரத் தள்ளுவண்டி ஒன்று வாங்கிப் பாருங்கள் ஐயா.

பீனிக்ஸ் வாத்தியார் எழுதியது:

தம்பி, தள்ளுவண்டி என்னோடு பேசாதே.

கிளேர் எஸ்டேட் கேடி மகன் எழுதியது:

வாத்தியார் அண்ணே, உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு முதல் கேள்வி. என் அப்பா கேடி. பத்து வயதில் பை தூக்க ஆரம்பித்தவர். ஆடுகிறவர்கள் வெள்ளைக்காரர்கள், தூக்குகிறவர்கள் நம் ஆட்கள். அந்த நிறவெறிக் காலத்தில் அந்த மைதானங்களுக்குள் போக நமக்கு இருந்த ஒரே வழி அடுத்தவன் பைதான்.

பாப்வா செவ்கோலம் என்ற நம் டர்பன் இந்திய ஆட்டக்காரரும் அப்படித்தான் உள்ளே போனார். கேடிப் பையனாகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆட்டம். கையையும் எல்லோரையும்போல் பிடிக்கவில்லை, வலது கைக்காரருக்கு இடது கை கீழே இருக்கும். அந்தப் பிடியோடுதான் 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓபன் போட்டியை வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபனை வென்றபோது கிளப் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை, வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். 1965இல் அதே போட்டியில் உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையே பின்னுக்குத் தள்ளினார். கொஞ்ச காலத்தில் போட்டிகளில் ஆடவே விடாமல் செய்தார்கள். 1978இல் இறந்துபோனார். இன்று ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் ஒரு மைதானத்துக்கு அவர் பெயர்.

அப்பா அவரைப் பற்றிச் சொல்லும்போது கோப்பையைப் பற்றிப் பேசவே மாட்டார். மைதானத்தை அவர் காலால் படித்தார் என்பார். எந்த இடத்தில் தரை ஈரம், குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரை எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாம் உள்ளங்காலுக்குத் தெரியும். கார்ட்டில் போகிறவனுக்கு டயருக்குத்தான் தெரியும்.

உங்கள் கேடிக்கு ஒரு நாள் கூலி போனால் வீட்டில் என்ன போகும் என்று எனக்குத் தெரியும். கமிட்டியிடம் அதைக் கேளுங்கள். கார்ட் வாடகை கிளப்புக்குப் போகிறது, கேடி கூலி கிளப்புக்குப் போவதில்லை. வேகமாம் வேகம்.

மாரிட்ஸ்பர்க் செல்வி எழுதியது:

அண்ணா, நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் காலைப் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். ஆனால் நடைதான் காரணம் என்று யார் சொன்னது? நீங்கள் வலது கைக்காரர் என்றால், அடித்து முடிக்கும்போது உடம்பு முழுக்க இடது முழங்கால் மேல்தான் திருகுகிறது. நிற்கும்போது இடது பாத விரல்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். என்னிடம் வரும் கோல்ஃப்காரர்களில் சிலருக்கு இதிலேயே பாதி வலி குறைந்திருக்கிறது.

இன்னொன்று. எல்லோரும் ஏற்றத்தில் கார்ட், இறக்கத்தில் நடை என்று நினைக்கிறார்கள். மூச்சுக்கு அது சரி, முழங்காலுக்குத் தலைகீழ். இறங்கும்போதுதான் முட்டிச்சில்லின் மேல் பாரம் ஏறும். உங்களுக்கும் ஊசி குத்துவது இறக்கத்தில்தானே? மேட்டில் நடந்து ஏறுங்கள், இறங்குவதற்கு வண்டியில் உட்காருங்கள். ஈரப் புல்லில் சரிவில் குறுக்கே மட்டும் ஓட்டச் சொல்லாதீர்கள், வண்டி கவிழும். காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்து கணுக்கால் உடைத்துக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மிட்ராண்ட் குமார் எழுதியது:

கேஸி மார்ட்டின் என்ற ஆட்டக்காரர் காலில் ரத்த ஓட்டக் குறைபாடு, நடக்க முடியாது, கார்ட்டில் போக விடுங்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் 2001இல் 7-2 என்று ஜெயித்தார். நீங்கள் நடக்க விடுங்கள் என்று போக வேண்டியிருக்கும் போல, ஐயா. கோல்ஃப் விதிப்படி பார்த்தால் கார்ட்டுக்குப் பொதுவாகத் தடை இல்லை, போட்டி நடத்துகிறவர்கள் வேண்டுமானால் தடுக்கலாம். கட்டாயம் என்பது உங்கள் கமிட்டியின் சொந்தச் சமையல்.

பீனிக்ஸ் வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் புதிய விதியின் முதல் சனிக்கிழமை. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

கமிட்டி ஒட்டிய தாளை இரண்டு முறை படித்தேன். ஆட்டத்துக்குக் கார்ட் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதில் யார் உட்கார வேண்டும் என்று இல்லை. என் கேடியிடம் டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது, கார்தான் இல்லை. ஆட்டங்களை வரிசையாக அனுப்பிவைக்கும் ஸ்டார்ட்டரிடம் லைசென்ஸைக் காட்டினோம். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவியைக் கொடுத்துவிட்டார். அப்புறம் என்ன, கேடி ஓட்டினார், என் பை பக்கத்து இருக்கையில் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தது, நான் நடந்தேன். பின்னோக்கி எடுக்கும்போது வண்டி பீப் பீப் என்று கத்தியதில் அவருக்கு ஒரே சிரிப்பு, நான்காம் குழியில் காரணமே இல்லாமல் இரண்டு முறை பின்னால் எடுத்தார்.

செல்வி அம்மா சொன்னபடி பதின்மூன்றில் நடந்து ஏறி, இறங்கும்போது வண்டியில் உட்கார்ந்தேன். ஊசி இல்லை. பாதத்தையும் திருப்பி வைத்தேன், முதல் ஐந்து குழி பந்து எங்கெங்கோ போனது, அப்புறம் பழகிவிட்டது. ஸ்கோர் 93. போன மாதம் 91 (கோல்ஃபில் எண் குறைந்தால்தான் நல்லது).

வாடகையில் பாதி, அதோடு கேடி கூலி, இரண்டும் நான்தான் கொடுத்தேன். மாதம் நான்கு சனிக்கிழமையும் இப்படிக் கட்டாது, அதனால் கேடி மகன் தம்பி சொன்னதைக் கடிதமாக எழுதிக் கமிட்டிக்குக் கொடுத்திருக்கிறேன். மற்ற மூவரில் ஒருவன் கையெழுத்துப் போட்டான். இன்னொருவன் யோசிக்கிறானாம்.

ஒரு இழப்பு. பதினொன்றாம் குழியில் நாங்கள் எல்லோரும் கிரீனில் நின்றபோது குரங்குகள் வந்து, வண்டிக் கூடையில் வைத்திருந்த என் மனைவி செய்த சமோசாப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மரம் ஏறிவிட்டன. இருபது வருடம் என் பையின் ஜிப்புக்குள் இருந்த பொட்டலம் அது. குமார், உங்கள் ஊர்க் கார்ட்டில் மூடி போட்ட பெட்டி இருக்கிறதா?